கல்லாவுக்கு வருமுன் சோதித்துப் பார்க்க வேண்டாமா?

ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் குழப்பம் நமக்குச் சொல்லும் பாடம்

வணிகப் பெருமக்களே, இன்று இரவு கடை சாத்துமுன் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். கல்லாவில் இருக்கும் வெள்ளைக் காசுகளை மட்டும் எடுத்து ஒரு தாம்பாளத்தில் கொட்டுங்கள். கண்ணை மூடிக்கொண்டு அதிலிருந்து ஐந்து இரண்டு ரூபாய் நாணயங்களைத் தடவி எடுங்கள். பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். ஐந்தும் இரண்டு ரூபாயாகவே இருந்தால் உங்கள் விரல்களுக்கு நம் வணக்கம். நம் கடையில் செய்து பார்த்தபோது ஐந்தில் இரண்டு, ஒரு ரூபாயாக இருந்தன. முப்பது வருடம் காசு எண்ணிய விரல்கள்தான் அப்படி ஏமாந்தன.

இது விரலின் குற்றமா, காசின் குற்றமா? நாம் பொதுவாக நம்மையே நொந்துகொள்கிறோம். "வயசாயிடுச்சு, கண்ணு மங்குது" என்கிறோம். கடைப் பையனைத் திட்டுகிறோம். ஆனால் ஒரே இடத்தில் ஊரே தடுக்கி விழுந்தால், குற்றம் நடப்பவன் காலில் இல்லை, படிக்கட்டில்தான் இருக்கிறது. படிக்கட்டைக் கட்டும்போதே யாராவது ஏறி இறங்கிப் பார்த்தார்களா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

ஒரு பொருளை மக்கள் கையில் கொடுப்பதற்கு முன்பே, நாலைந்து அனுபவசாலிகள் உட்கார்ந்து, இது புழக்கத்துக்கு ஒத்துவருமா, எங்கே தடுமாற்றம் வரும் என்று கண்டுபிடிக்கும் முறை ஒன்று இருக்கிறது. கணினித் துறையில் முப்பது வருடங்களுக்கு மேலாக அது நடைமுறையில் உள்ளது. நம்மைப் போன்ற மளிகைக்காரர்களுக்கும் சிறு வியாபாரிகளுக்கும் அது பயன்படும். அதை நம் கையில் தினமும் புரளும் காசை வைத்தே பார்ப்போம்.

பழைய காசு பேசிய மொழி

நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஐந்து பைசா சதுரம். பத்து பைசா அலை விளிம்பு. மூன்று பைசாவும், 1982-ல் வந்த அலுமினிய இருபது பைசாவும் அறுகோணம். பிறகு தொண்ணூறுகளில் இரண்டு ரூபாய் பதினோரு பக்கம் கொண்டதாக இருந்தது. ஐந்து ரூபாய் கனத்துத் தடித்திருந்தது. மின்சாரம் போன இரவில், சிம்னி விளக்கு வெளிச்சத்தில், ஒரு கையில் தராசைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சில்லறை கொடுத்த காலம் அது. எழுத்துத் தெரியாத பாட்டிகூட முந்தானை முடிச்சை அவிழ்த்து, பார்க்காமலேயே காசை எண்ணிக் கொடுப்பார். காசின் விளிம்பு விரலோடு பேசியது.

2005-ஐ ஒட்டி வந்த இரண்டு ரூபாய் நாணயம் துருப்பிடிக்காத எஃகில் வட்டமாக வந்தது. ஏற்கெனவே புழங்கிய ஒரு ரூபாயும் எஃகு, அதுவும் வட்டம். ஒன்று 25 மில்லிமீட்டர், மற்றது சுமார் 27 மில்லிமீட்டர். இடையில் இரண்டே மில்லிமீட்டர் வித்தியாசம். அடையாளம் தெரியவில்லை என்று பார்வையற்றவர்கள் தரப்பில் குறை எழுந்தது. 2007-ல் பரதநாட்டிய முத்திரை போட்ட காசுகள் வந்தன. ஒரு ரூபாயில் ஒரு விரல், இரண்டு ரூபாயில் இரண்டு விரல். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் நல்ல யோசனைதான். ஆனால் அது கண்ணுக்கு மட்டுமே பேசியது. விரலுக்கு இரண்டும் வழவழப்பான வட்டங்களாகவே இருந்தன.

இந்த எஃகுக் கதையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. நம் சேலம் உருக்காலையில் நாணய வில்லைகளும் பாத்திர வில்லைகளும் வெட்டுவதற்கென்றே ஆண்டுக்கு 3,600 டன் திறன் கொண்ட பிரிவு அமைக்கப்பட்டது. எஃகின் தரத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. குறை, எந்த மதிப்புக்கு எந்த வட்டம் என்று தீர்மானித்ததில்தான் இருக்கிறது.

25 மில்லிமீட்டர் சிக்கல்

2011-ல் ரூபாய்க் குறியீடு பொறித்த புதிய வரிசை வந்தது. ஐம்பது காசு 19 மில்லிமீட்டர், ஒரு ரூபாய் 22 மில்லிமீட்டர், இரண்டு ரூபாய் 25 மில்லிமீட்டர். புதிய காசுகளை மட்டும் ஒரு தட்டில் வரிசையாக வைத்துப் பார்த்தால் அழகான படிக்கட்டு. ஒவ்வொன்றுக்கும் மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம். அலுவலக மேசையில் வைத்துப் பார்த்த எவரும் சரி என்றுதான் கையெழுத்துப் போட்டிருப்பார்.

ஆனால் நம் கல்லாவில் புதிய காசு மட்டுமா இருக்கிறது? கீழ்க்கண்ட கணக்கைப் பாருங்கள்.

25 மில்லிமீட்டர், 4.85 கிராம்: 1992 முதல் வந்த பழைய எஃகு ஒரு ரூபாய். 2011 முதல் வந்த இரண்டு ரூபாயும் அதே அளவு, அதே எடை.

22 மில்லிமீட்டர், 3.79 கிராம்: 1988 முதல் வந்த எஃகு ஐம்பது காசு. 2011 முதல் வந்த ஒரு ரூபாயும் அதே அளவு, அதே எடை.

அதாவது ஒவ்வொரு மதிப்பும், அதற்கு முன்பு வேறொரு மதிப்பு உட்கார்ந்திருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டது. ஐம்பது காசு கடைத்தெருவில் செல்லாக்காசு போல ஆகிவிட்டதால் அந்தக் குழப்பம் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் பழைய ஒரு ரூபாயும் புதிய இரண்டு ரூபாயும் இன்றும் ஒரே கல்லாவில் கிடக்கின்றன. அளவு ஒன்று, எடை ஒன்று, நிறம் ஒன்று. தராசில் போட்டுப் பிரித்தாலும் பிரியாது.

நாள் ஒன்றுக்குப் பத்து தடவை ஒரு ரூபாய்க்குப் பதில் இரண்டு ரூபாய் கொடுத்துவிட்டால் நஷ்டம் பத்து ரூபாய். அற்பம் என்று தோன்றும். வருடத்துக்குப் போட்டால் 3,650 ரூபாய். காசு நஷ்டத்தைவிடப் பெரியது ஒன்று உண்டு. இரண்டு ரூபாய் என்று நினைத்து ஒரு ரூபாயைக் கொடுத்துவிட்டால், வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய் எண்ணிப் பார்ப்பார். மறுநாள் வந்து சண்டை போட்டால் பரவாயில்லை, சமாதானம் சொல்லலாம். சண்டை போடாமல் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டால்? இருபது வருடம் சேர்த்த நல்ல பெயர் ஒரு ரூபாயில் போய்விடும். நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் நேர்மை என்றும் பொருள் இருப்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இன்னொரு சம்பவமும் நமக்கு நினைவிருக்கும். 2016 நவம்பரில் புதிய 2,000 ரூபாய், 500 ரூபாய் நோட்டுகள் வந்தன. பழைய 500 ரூபாய் நோட்டு 167-க்கு 73 மில்லிமீட்டர். புதியது 150-க்கு 66. நோட்டு அச்சாகி வந்துவிட்டது, ஆனால் ஏ.டி.எம். இயந்திரத்தின் பெட்டிக்கு அது பொருந்தவில்லை. நாடு முழுவதும் ஒவ்வொரு இயந்திரமாகத் திறந்து அளவு மாற்ற வேண்டியதாயிற்று. அந்த வாரங்களில் கடைத்தெரு எப்படி வெறிச்சோடிக் கிடந்தது என்பதை யாரும் நமக்குச் சொல்லத் தேவையில்லை.

இரண்டிலும் பாடம் ஒன்றுதான். புதிய பொருளைத் தனியாக வைத்துப் பார்த்தால் குறை தெரியாது. ஏற்கெனவே புழங்கும் பொருள்களோடு சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பத்து ரூபாய்க்குப் பதினான்கு முகம்

பத்து ரூபாய் நாணயம் நமக்குக் கொடுத்த தலைவலி தனி. இரட்டை உலோகம், 27 மில்லிமீட்டர், கைக்கு நன்றாகவே அடையாளம் தெரிகிற காசு. ஆனால் ரூபாய்க் குறியீடு உள்ளது, இல்லாதது, மேலே பத்துக் கோடு உள்ளது, பதினைந்து கோடு உள்ளது, தலைவர்கள் நினைவாக வந்தது என்று பலவிதம். ஒன்றைப் பார்த்துப் பழகியவருக்கு மற்றொன்று போலியாகத் தெரிந்தது. வதந்தி கிளம்பியது. நம் சேலம், நாமக்கல் பக்கத்துக் கடைகளில் "பத்து ரூபா காயின் வேணாங்க" என்று வாடிக்கையாளர் சொல்ல, மொத்தக் கடையிலும் வாங்க மறுக்க, சில்லறைக் கடைக்காரர் இரண்டு பக்கமும் இடிபட்டார். பக்கத்து மாவட்டத்தில் ஒருவர், சேர்ந்துபோன பத்து ரூபாய் நாணயங்களை மூட்டையாகக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துக் கார் வாங்கிய செய்தியை 2022-ல் நாம் படித்தோம்.

ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி 17 அன்று தெளிவாக அறிவித்தது. அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும். விளக்கம் கேட்க 14440 என்ற எண்ணையும் கொடுத்தது. நாணயம் நீண்ட காலம் புழங்குவதால் பல வடிவங்கள் ஒரே நேரத்தில் சந்தையில் இருக்கும் என்றும் அந்த வங்கியின் அறிவிப்புகள் சொல்லியிருக்கின்றன. மிகச் சரி. அது தெரிந்திருக்கும்போது, பதினான்கு முகத்தோடு ஒரு புதுக் காசு வந்தால் கடைத்தெரு என்ன நினைக்கும் என்பதை முன்கூட்டியே யோசித்திருக்கலாம் அல்லவா? செல்லும் காசை வாங்க மறுப்பது தவறு, அதில் சந்தேகமே இல்லை. சங்கமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் தவறு செய்ய மக்களைத் தள்ளிவிட்டது காசின் அமைப்பு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடல் கடந்தும் இதே கதை

அமெரிக்காக்காரனும் இதில் சூடு பட்டவன்தான். 1979-ல் சூசன் பி. அந்தோணி என்ற பெண்மணியின் உருவம் பொறித்த ஒரு டாலர் நாணயம் வந்தது. அதன் குறுக்களவு 26.5 மில்லிமீட்டர். கால் டாலர் நாணயமோ 24.3 மில்லிமீட்டர். இரண்டும் வெள்ளை, இரண்டுக்கும் வரி விளிம்பு. நான்கு மடங்கு மதிப்புள்ள காசைக் கால் டாலர் என்று நினைத்து மக்கள் கொடுத்தார்கள். பிறகு தொடவே மறுத்தார்கள். முதலில் பதினோரு பக்கம் கொண்டதாகத்தான் திட்டமிட்டிருந்தார்கள். காசு போட்டால் பொருள் தரும் இயந்திரக்காரர்கள் ஆட்சேபித்ததால் வட்டமாக்கி, உள்ளே மட்டும் பதினோரு பக்கக் கோடு போட்டார்கள். உள்ளே இருக்கும் கோடு விரலுக்கு எப்படித் தெரியும்? 2000-ல் அதே அளவில் பொன்னிற டாலர் வந்தபோது நிறத்தையும் விளிம்பையும் மாற்றினார்கள்.

இங்கிலாந்து இதற்கு வேறு வழி கண்டது. 1969-ல் வந்த ஐம்பது பென்ஸ் ஏழு பக்கம் கொண்டது. ஆனால் பக்கங்களைச் சற்று வளைத்திருப்பதால் எந்தத் திசையில் அளந்தாலும் ஒரே அகலம். ஆகவே இயந்திரத்திலும் உருளும், விரலுக்கும் தெரியும். 2002-ல் புழக்கத்துக்கு வந்த யூரோ நாணயங்களுக்கு விளிம்பை மதிப்புக்கு மதிப்பு மாற்றினார்கள். அதற்கு முன்பே பார்வையற்றோர் அமைப்புகளிடமும் கருத்துக் கேட்டார்கள். முன்கூட்டி யோசித்தால் இரு தரப்பையும் திருப்திப்படுத்தலாம் என்பதற்கு இவை சாட்சி.

நாலு பேர் உட்கார்ந்து பார்க்கும் முறை

இனி முறைக்கு வருவோம். 1990-ல் யாக்கோப் நீல்சன், ரோல்ஃப் மோலிச் என்ற இருவர் கணினித் திரைகளைச் சோதிக்க ஒரு வழி சொன்னார்கள். ஆயிரம் பேரை அழைத்து வந்து உபயோகிக்கச் சொல்லுமுன், விஷயம் தெரிந்த மூன்று முதல் ஐந்து பேர் போதும். அவர்கள் கையில் பொதுவான சில விதிகள் இருக்க வேண்டும். அந்த விதிகளை வைத்து ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பொருளைப் பார்த்துக் குறைகளை எழுத வேண்டும். கடைசியில்தான் கூடிப் பேச வேண்டும்.

ஏன் ஒருவர் போதாது? நீல்சனின் கணக்குப்படி ஒரே ஒருவர் பார்த்தால் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைகள்தான் கண்ணில் படும். ஐந்து பேர் பார்த்தால் ஏறக்குறைய முக்கால் பங்கு வெளியே வந்துவிடும். ஒருவர் பார்த்ததை மற்றவர் விட்டிருப்பார், ஒருவர் விட்டதை மற்றவர் பிடிப்பார். நம் வீட்டில் சம்பந்தம் பேசப் போகும்போது பெரியப்பா, மாமா, அத்தை என்று நாலு பேரைக் கூட்டிப் போவதும் இதற்குத்தானே!

ஏன் தனித்தனியாக எழுத வேண்டும்? கூட்டமாக உட்கார்ந்தால் பெரியவர் சொல்லுக்கு மற்றவர் தலையாட்டி விடுவார். முதலாளி "நல்லாயிருக்கே" என்று சொன்ன பிறகு கடைப் பையன் "இல்லீங்கண்ணா" என்று சொல்வானா? ஆகவே முதலில் எழுத்து, பிறகுதான் பேச்சு.

விதிகள் என்று நீல்சன் பத்து சொன்னார். அவற்றில் நம் தொழிலுக்கு நேராகப் பொருந்தும் ஐந்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, நடப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். நாமக்கல் முட்டைத் தட்டைப் பாருங்கள். ஐந்துக்கு ஆறு, முப்பது குழி. யாரும் முட்டையை எண்ணுவதில்லை. ஒரு குழி காலியாக இருந்தால் பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். லாரியில் ஏற்றுபவனும் இறக்குபவனும் தகராறு இல்லாமல் கணக்கு முடிக்கிறார்கள். இதைவிட நல்ல அமைப்பைப் பெரிய படிப்புப் படித்தவரும் செய்துவிட முடியாது. க்யூ.ஆர். அட்டையில் பணம் போட்டதும் தொகையை உரக்கச் சொல்லும் பெட்டியும் இதே ரகம். வாடிக்கையாளர் காட்டும் கைபேசித் திரையை எட்டிப் பார்த்து நம்பவேண்டிய அவசியத்தை அது போக்கியது.

இரண்டாவது, புழங்குபவர் மொழியில் பேச வேண்டும். நம் பையனுக்குப் புரியாத ஆங்கில எழுத்துப் போட்ட பொத்தான் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

மூன்றாவது, ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒரே பொருளுக்குப் பல முகம் இருந்தால் சந்தேகம் வரும். பத்து ரூபாய் நாணயம் இடறியது இங்கேதான்.

நான்காவது, தவறு நடக்கவே இடம் தரக்கூடாது. எச்சரிக்கைப் பலகை வைப்பதைவிடப் பள்ளத்தை மூடுவது மேல். பழைய ஒரு ரூபாயும் புதிய இரண்டு ரூபாயும் ஒரே அளவில் வந்தது இந்த விதியை மீறியதுதான்.

ஐந்தாவது, தவறிவிட்டால் திரும்பி வர வழி இருக்க வேண்டும். பில் போட்ட பிறகு ஒரு பொருளை வாடிக்கையாளர் வேண்டாம் என்றால், முழுப் பில்லையும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போட வேண்டுமா, அல்லது அந்த ஒரு வரியை மட்டும் நீக்க முடியுமா? சாயங்காலம் ஆறு மணிக்குக் கடையில் எட்டுப் பேர் நிற்கும்போது இந்தக் கேள்வியின் அருமை தெரியும்.

படிப்படியாக நடந்து பார்ப்பது

இன்னொரு முறையும் அதே 1990-ஐ ஒட்டி வந்தது. கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளேட்டன் லூயிஸ், பீட்டர் போல்சன் முதலானோர் சொன்னது. ஒரு புது ஆளாக நம்மை நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நான்கு கேள்வி கேட்க வேண்டும். இதைச் செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தோன்றுமா? செய்வதற்கான வழி அவன் கண்ணில் படுமா? அதுதான் வழி என்று அவனுக்குப் புரியுமா? செய்து முடித்த பிறகு, சரியாகச் செய்தோம் என்று அவனுக்குத் தெரியுமா?

ஒரு மின்னணுத் தராசு வாங்கப் போகிறோம் என்று வையுங்கள். நேற்றுச் சேர்ந்த பையன் எண்ணெய் ஊற்றிக் கொடுக்கப் போகிறான். வாடிக்கையாளர் சொந்தத் தூக்குப்போசி கொண்டுவந்திருக்கிறார். தூக்கின் எடையைக் கழிக்க வேண்டும் என்று பையனுக்குத் தோன்றுமா? கைத்தராசில் பாசங்கட்டிப் பழகியவனுக்குத் தோன்றும், புதியவனுக்குச் சொல்லித்தான் தர வேண்டும். கழிக்கும் பொத்தான் கண்ணில் படுமா? படும், ஆனால் பக்கத்தில் அதேபோல் இன்னும் நாலு பொத்தான் இருக்கிறது. அதுதான் என்று புரியுமா? மேலே ஒரு ஆங்கில எழுத்து மட்டும் இருந்தால் புரியாது. அழுத்திய பிறகு தெரியுமா? திரையில் சைபர் வந்தால் தெரியும். நாலு கேள்வியில் ஒன்றுக்குத்தான் தெளிவாக ஆம் என்று பதில் வந்தது. தராசு மோசம் என்று அர்த்தமில்லை. அந்தப் பொத்தானுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டி, "போசி எடை" என்று தமிழில் எழுதினால் பாதிப் பிரச்சனை தீர்ந்தது. கடையில் வைத்து ஒரு மாதம் வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டித் தெரிந்துகொள்வதை, வாங்கும் கடையிலேயே பத்து நிமிடத்தில் தெரிந்துகொண்டோம்.

எல்லாக் குறையும் ஒரே குறையல்ல. எழுதிய குறைகளை வரிசைப்படுத்த மூன்று கேள்வி போதும். எவ்வளவு அடிக்கடி நடக்கும்? நடந்தால் எவ்வளவு கேடு? ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டால் சரியாகிவிடுமா, அல்லது தினமும் படுத்துமா? இரண்டு ரூபாய்க் குழப்பம் மூன்றிலும் மோசம். தினமும் நடக்கிறது, காசும் பெயரும் போகிறது, எத்தனை வருடம் பழகினாலும் தீரவில்லை.

இந்த முறையின் எல்லை

இப்படி உட்கார்ந்து பார்த்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. அனுபவசாலிகள் கூடிச் சொல்லும் குறைகளில் சில, மக்களுக்கு ஒரு பொருட்டாகவே இருக்காது. மக்கள் இடறும் சில இடங்கள் எந்த அனுபவசாலிக்கும் தோன்றாது. ஆகவே கடைசியில் உண்மையான மனிதர் கையில் கொடுத்துப் பார்த்தே தீர வேண்டும். முன்சோதனையின் பயன், கண்ணுக்குத் தெரியும் கற்களைப் பொறுக்கி எறிவது. அரிசியைக் கல் பொறுக்காமல் உலையில் போட்டுவிட்டு, சாப்பிடுகிறவர் பல் உடைந்த பிறகு பொறுக்குவோமா?

2019 மார்ச் மாதத்தில் வெளியான புதிய நாணய வரிசையில் இந்த அக்கறை தெரிந்தது. தேசிய வடிவமைப்புக் கழகம் அதில் பங்கேற்றது. பார்வையற்றவர்களின் கருத்தும் கேட்கப்பட்டது. மதிப்பு கூடக் கூட எடையும் அளவும் கூடும் என்பது அடிப்படை. ஒரு ரூபாய் 20 மில்லிமீட்டர், இரண்டு ரூபாய் 23, ஐந்து ரூபாய் 25, பத்து ரூபாய் 27. இருபது ரூபாயும் 27 மில்லிமீட்டர்தான், ஆனால் பன்னிரண்டு பக்கம் கொண்டது. உலோக நிறமும் தலைகீழ். பத்து ரூபாய்க்கு வெளி வளையம் மஞ்சள், நடுவில் வெள்ளை. இருபது ரூபாய்க்கு வெளியே வெள்ளை, நடுவில் மஞ்சள். கண்ணுக்கும் விரலுக்கும் சேர்ந்து பேசுகிற காசு இது. இதைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனாலும் நம் கல்லாக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2019 வரிசையின் இரண்டு ரூபாய் 23 மில்லிமீட்டர், 4.07 கிராம். 2011 வரிசையின் ஒரு ரூபாய் 22 மில்லிமீட்டர், 3.79 கிராம். இரண்டும் வெள்ளை, இரண்டும் வட்டம், ஒரே ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம். இப்போது நம் கல்லாவில் முத்திரை போட்ட பெரிய இரண்டு ரூபாய், 2011-ன் நடுத்தர இரண்டு ரூபாய், 2019-ன் சின்ன இரண்டு ரூபாய் என்று மூன்று. ஒரு ரூபாயிலும் அதேபோல் மூன்று. புதிய வரிசை தனக்குள் சரியாக இருக்கிறது. பழையவற்றோடு கலக்கும்போதுதான் இடறுகிறது. பழைய காசு முழுவதும் புழக்கத்திலிருந்து மறையும்வரை இந்த இடறல் தொடரும்.

நாம் செய்ய வேண்டியது

முதலில் நம் கடைக்குள். பில் போடும் இயந்திரமோ, கைபேசிச் செயலியோ, புதிய விலைப் பலகையோ, பொட்டலம் போடும் உறையோ, எதுவானாலும் வாங்குமுன் நாலு பேரை உட்கார வையுங்கள். கணக்குப் பார்க்கும் அண்ணாச்சி ஒருவர், கல்லாவில் இருக்கும் வீட்டம்மா ஒருவர், புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், கண்ணாடி போட்ட வயதான வாடிக்கையாளர் ஒருவர். விற்க வந்தவர் தானே இயக்கிக் காட்டும் கச்சிதமான காட்சியைப் பார்த்து மயங்க வேண்டாம். அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும், நம் ஆட்கள் இயக்கட்டும். நேற்றைய நிஜமான பில் பத்தை எடுத்து அதில் போட்டுப் பாருங்கள். வரும் குறைகளை ஒரு தாளில் எழுதி, அதைச் சரிசெய்து தந்தால்தான் மீதிப் பணம் என்று சொல்லுங்கள். காசு கைமாறுமுன் நம் பேச்சு ஏறும், கைமாறிய பின் ஏறாது.

அடுத்து, பார்வையற்ற வாடிக்கையாளர்களுக்கும் முதியவர்களுக்கும் சில்லறை கொடுக்கும்போது, எந்தக் காசு எத்தனை என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். கல்லாவில் ஒரு ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் தனித்தனிக் கிண்ணம் வையுங்கள். வாங்கும்போதே பிரித்துப் போட்டால் கொடுக்கும்போது தவறாது. காசின் அமைப்பை நம்மால் மாற்ற முடியாது, கல்லாவின் அமைப்பை மாற்றலாம்.

மூன்றாவது, சங்கத்தின் வேலை. 2011 நாணயச் சட்டப்படி காசின் வடிவத்தை முடிவு செய்வது மத்திய அரசு, புழக்கத்தில் விடுவது ரிசர்வ் வங்கி. ஒரு புதிய நாணயம் வார்க்கப்படுமுன், அதன் மாதிரியை நம்மைப் போன்ற வணிகர் சங்கங்களுக்கு அனுப்பி, புழக்கத்தில் உள்ள எல்லாக் காசுகளோடும் கலந்து சோதிக்கச் சொல்ல வேண்டும் என்று நாம் கேட்கலாம். லீ பஜாரில் முப்பது வருடம் கல்லாவில் உட்கார்ந்த ஐந்து பேரைக் கூட்டுங்கள், பேருந்து நடத்துநர் ஒருவரையும் பார்வையற்ற வியாபாரி ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாம்பாளத்தில் காசைக் கொட்டிக் கொடுங்கள். ஒரு மணி நேரத்தில் அவர்கள் சொல்லும் குறை, நாடு முழுவதும் பல வருடம் பட்டுத் தெரிந்துகொள்ளும் குறையாக இருக்கும்.

சோதிக்க நம்மிடம் பெரிய கருவி ஏதும் வேண்டாம். நம் விரலே கருவி, நம் கல்லாவே சோதனைச்சாலை. இன்று இரவு அந்தத் தாம்பாளச் சோதனையைச் செய்து பாருங்கள். ஐந்தில் எத்தனை தவறின என்று எழுதி வைத்துக்கொண்டு அடுத்த மாதக் கூட்டத்துக்கு வாருங்கள். நூறு கடையின் கணக்குச் சேர்ந்தால், மனுவில் நாம் எழுதப்போவது வெறும் புகாராக இருக்காது, கணக்காக இருக்கும்.